அத்தியாயம் 7: பில்ட் உடைந்தால் எங்கே பார்ப்பது?

பில்ட் உடைந்ததும் நம்மில் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், 'மேக் கிளீன்' அடித்துவிட்டு மறுபடி ஓட்டுவது. பாதி நேரம் அது சரியாகிவிடும். தொல்லையே அதுதான். எதனால் உடைந்தது என்பதற்கான தடயமும் சேர்ந்தே அழிந்துபோகிறது. அதே கோளாறு பிறகு ரிலீஸுக்கு முந்தின இரவில் திரும்ப வந்து நிற்கும். எதையும் அழிப்பதற்கு முன் எங்கெங்கே பார்க்க வேண்டும், மேக்கிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

படிப்பதற்கு முன் இரண்டு குறிப்பு. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் மட்டும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். 'மேக்' என்று வரும் இடமெல்லாம் பில்ட் கருவியைக் குறிக்கும்; ஆப்பிள் கணினியை ஆப்பிள் என்றே எழுதியிருக்கிறேன்.

பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்

மேக் 1976 ஏப்ரலில் நியூ ஜெர்சியின் மரே ஹில்லில், பெல் லேப்ஸில் பிறந்தது. எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு கிளம்பினால் அரை மணி நேரத்தில் போய்விடலாம். எழுதியவர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன். யாக் என்ற கருவியை உருவாக்கிய ஸ்டீவ் ஜான்சன் ஒருநாள் திட்டிக்கொண்டே அவர் அறைக்குள் வந்தார். ஒரு காலைப் பொழுது முழுவதையும் ஒரு பிழையைத் தேடி வீணாக்கியிருந்தார். பிழை ஏற்கனவே திருத்தப்பட்டதுதான். திருத்திய ஃபைலை மறுபடி கம்பைல் செய்யாததால் பழைய ஆப்ஜெக்ட் ஃபைலே லிங்க் ஆகிக்கொண்டிருந்தது. முந்தின மாலை ஃபெல்ட்மனும் இதே பாடு பட்டிருந்தார். சார்புகளை அலசும் பெரிய கருவி ஒன்றை முதலில் யோசித்து, அதைச் சுருக்கிச் சுருக்கி, அந்த வார இறுதியிலேயே மேக்கை எழுதி முடித்தார். 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு அது உலகம் சுற்றக் கிளம்பியது. 2003ஆம் ஆண்டுக்கான ஏசிஎம் மென்பொருள் விருது அவருக்குக் கிடைத்ததும் இதற்காகத்தான்.

இந்தக் கதையைச் சொல்லக் காரணம் உண்டு. ஜான்சனுக்கு வந்த நோய்தான் இன்றும் நம் பில்டுகளில் பாதியைப் படுக்க வைக்கிறது. மேக்குக்குத் தெரிந்தவை இரண்டே விஷயம்: ஃபைலின் பெயர், ஃபைல் கடைசியாக மாறிய நேரம். டார்கெட் இல்லையென்றாலோ, அது சார்ந்திருக்கும் ஃபைல்களில் ஒன்று அதைவிடப் புதியதாக இருந்தாலோ, கீழே எழுதியுள்ள கட்டளைகளை ஓட்டும். இல்லையென்றால் சும்மா இருக்கும். மனுவைப் படிக்காமல் மேலே குத்தியிருக்கும் தேதி முத்திரையை மட்டும் பார்த்து அனுப்பிவிடும் தாலுகா ஆபீஸ் கிளார்க் போலத்தான். உள்ளே என்ன மாறியது என்று அது பார்ப்பதில்லை. கம்பைலருக்குக் கொடுக்கும் கொடிகளை நீங்கள் மாற்றினால் அதற்குத் தெரியாது. சொல்லி வைக்காவிட்டால், ஹெடர் ஃபைலை மாற்றியதும் தெரியாது.

ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும் கேட்க வேண்டியவை இரண்டு. மேக்குக்கு நான் எதைச் சொல்லாமல் விட்டேன்? எந்த நேரத்தைப் பார்த்து அது ஏமாந்தது?

முதல் எர்ரரைத் தேடுங்கள்

டெக்சஸ் பிளேனோவில் இருக்கும் ஆன்சைட் லீடுக்கும் சென்னையில் இருக்கும் தம்பிக்கும் வழக்கமாக நடக்கும் உரையாடல் இது.

"அண்ணா, பில்ட் ஃபெயில் ஆகுது. எர்ரர் 2-ன்னு வருது."

"அது கடைசி லைன்ப்பா. மேல போ."

"மேலயும் எர்ரர் 2-தான் அண்ணா."

"இன்னும் மேல போ. எர்ரர் 2 இல்லாத எர்ரர் எங்க முதல்ல வருதுன்னு பாரு."

ஒரு மேக்குக்குள் இன்னொரு மேக் ஓடும் பில்டுகளில், உள்ளே ஓடிய மேக் தோற்றுவிட்டது என்று வெளியே இருப்பது அறிவிப்பதுதான் அந்த எர்ரர் 2. அதில் நோயின் பெயர் இருக்காது. வெளியீடு முழுவதையும் 'டீ' கட்டளை வழியாக ஒரு லாக் ஃபைலில் பிடித்துக்கொள்ளுங்கள். எர்ரர் ஸ்ட்ரீமையும் சேர்த்துத் திருப்ப மறக்க வேண்டாம். பிறகு லாகின் தலையிலிருந்து கீழ்நோக்கித் தேடுங்கள். -ஜே போட்டுப் பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டினால் வரிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். குனு மேக் 4.0 முதல் உள்ள பெரிய எழுத்து -ஓ கொடி, ஒவ்வொரு டார்கெட்டின் வெளியீட்டையும் தனித்தனிக் கட்டாகத் தரும்.

முதல் எர்ரரின் எண்ணைப் பாருங்கள். 127 என்றால் அந்தப் பெயரில் கட்டளையே இல்லை: கருவி நிறுவப்படவில்லை, அல்லது பாத்-இல் இல்லை. 126 என்றால் ஃபைல் இருக்கிறது, ஓட்ட அனுமதி இல்லை. 137 என்றோ 'கில்டு' என்றோ வந்தால் உங்கள் நிரலைக் குற்றம் சொல்லாதீர்கள். 128-உடன் 9 கூட்டினால் 137. ஒன்பதாம் சிக்னலால் கொல்லப்பட்டது என்று பொருள். நினைவகம் தீர்ந்துபோய் கெர்னல் கம்பைலரைக் கொன்றிருக்கக்கூடும். 'டிமெஸ்ஜி' கட்டளையின் கடைசி வரிகளில் கொலைக்கான சாட்சி கிடைக்கும். காசு மிச்சம் பிடிக்க வாங்கிய சின்ன கிளவுட் மெஷினில், சி பிளஸ் பிளஸ் நிரலை எண் போடாத -ஜே கொடியுடன் ஓட்டினால் இது நடந்தே தீரும். எண் இல்லாவிட்டால் மேக் வரம்பே இல்லாமல் வேலைகளை அவிழ்த்துவிடும்.

டேப் தொல்லை

'மிஸ்ஸிங் செபரேட்டர்' என்ற எர்ரரைப் பார்க்காத ஆள் கிடையாது. கட்டளை வரி டேப்பில் தொடங்க வேண்டும். உங்கள் எடிட்டரோ சாட் விண்டோவோ அதை ஸ்பேஸாக மாற்றிவிட்டது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 'கேட் -இடி' என்று அடித்து ஃபைலைப் பாருங்கள். டேப் இருக்கும் இடத்தில் தொப்பிக் குறியும் பெரிய ஐ-யும் தெரியும். வரி முடியும் இடத்தில் டாலர் குறி வரும். டாலருக்கு முன் தொப்பியும் எம்-மும் நின்றால் ஃபைல் விண்டோஸ் வழியாக வந்திருக்கிறது. 'டாஸ்2யூனிக்ஸ்' ஓட்டிச் சரிசெய்யுங்கள். லினக்ஸ் பழக்கத்தில் பலர் பெரிய எழுத்து -ஏ கொடியைச் சொல்லித் தருவார்கள். ஆப்பிளில் அது கிடையாது. -இடி இரண்டிலும் ஓடும்.

இந்த டேப்பை மாற்ற வேண்டும் என்று ஃபெல்ட்மனுக்கே சில வாரங்களில் தோன்றியது. அதற்குள் மேக்கைப் பயன்படுத்துவோர் ஒரு டஜன் பேர் சேர்ந்துவிட்டார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்களுக்குத் தொந்தரவு தர வேண்டாம் என்று விட்டுவிட்டார். பன்னிரண்டு பேருக்குக் காட்டிய தாட்சண்யத்துக்கு உலகமே ஐம்பது ஆண்டாக விலை கொடுக்கிறது.

உங்கள் மேக் எந்த ஊர் மேக்?

மேக்ஃபைலில் பிழையே இல்லை, லினக்ஸில் ஓடுகிறது, பக்கத்து மேசைக்காரரின் கணினியில் ஓடவில்லை. இங்கே முதலில் 'மேக் --வெர்ஷன்' அடியுங்கள். பதில் குனு மேக் என்று வந்தால் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எர்ரர் வந்தால் அது குனு மேக்கே அல்ல.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் வளர்ந்த பிஎஸ்டி குடும்பத்துக்குத் தனி மேக் உண்டு. நிபந்தனை வரிகளை எழுதும் முறையே வேறு. ஃப்ரீபிஎஸ்டி-யில் 'மேக்' என்றால் அதுதான் வரும். குனு வேண்டுமென்றால் நிறுவிக்கொண்டு 'ஜிமேக்' என்று கூப்பிட வேண்டும். டெக்சஸ் ஆஸ்டினில் ஐபிஎம் வளர்த்த ஏஐஎக்ஸ் கணினிகளிலும் இதே கதை. குனு கருவிகள் 'ஆப்ட்' டைரக்டரிக்குள் 'ஃப்ரீவேர்' என்ற இடத்தில் இருக்கும். பாத்-இல் அது முன்னால் வராவிட்டால் பழைய ஏஐஎக்ஸ் மேக்தான் ஓடும், குனு எழுத்துமுறையைப் பார்த்ததும் முறைக்கும். வங்கி, இன்சூரன்ஸ் புராஜெக்ட்டில் போய் உட்காருபவர்கள் முதல் நாளே பாத்-ஐப் பார்த்துவிடுவது நல்லது.

ஆனால் எல்லோரையும்விடச் சத்தமில்லாமல் கழுத்தறுப்பது ஆப்பிள். குனு மேக் 3.82 முதல் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தில் வருகிறது. ஆப்பிள் அந்த உரிமத்தை ஏற்பதில்லை. எனவே குபர்ட்டினோக்காரர்கள் 2006இல் வந்த 3.81-ஐத்தான் டெவலப்பர் கருவிகளோடு தருகிறார்கள். புதிய மேக்ஃபைல்களில், பெரிய எழுத்தில் 'ஒன்ஷெல்' என்ற புள்ளி வைத்த டார்கெட் அடிக்கடி வரும். ஒரு டார்கெட்டின் எல்லா வரிகளையும் ஒரே ஷெல்லில் ஓட்டு என்று சொல்வது அது, 3.82-இல்தான் பிறந்தது. 3.81 அதைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடும், எர்ரரும் தராது. முதல் வரியில் 'சிடி' போட்டு வேறு டைரக்டரிக்குப் போயிருப்பீர்கள்; இரண்டாம் வரி புது ஷெல்லில், பழைய டைரக்டரியிலேயே ஓடும். அந்த இரண்டாம் வரி ஃபைல்களை அழிக்கும் கட்டளையாக இருந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஹோம்ப்ரூ மூலம் புதிய மேக்கை நிறுவி, 'ஜிமேக்' என்ற பெயரில் ஓட்டுங்கள்.

ஷெல்லுக்கும் இதே ஊர்ப் பிரச்சினை உண்டு. மேக் தன் கட்டளைகளை 'எஸ்ஹெச்' வழியாக ஓட்டும். உபுண்டுவில் 2006 முதல் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது பேஷ் அல்ல, டேஷ். 'சோர்ஸ்' கட்டளை இல்லை என்று 127 வந்தால் அதற்குப் பதில் வெறும் புள்ளி போடுங்கள், அல்லது மேக்ஃபைலின் தலையில் பெரிய எழுத்து ஷெல் மாறியைப் பேஷுக்கு மாற்றுங்கள்.

நாளை சாயங்காலத்திலிருந்து வந்த ஃபைல்

'கிளாக் ஸ்க்யூ டிடெக்டட்' என்ற எச்சரிக்கை வந்தால் நம்மவர்கள் உடனே சொல்வது: "சென்னைக்கும் நமக்கும் டைம் ஜோன் வேற இல்லையா, அதான்." அது தவறு. யூனிக்ஸ் ஃபைல் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் ஓடிய வினாடிகளாக, உலகப் பொது நேரத்தில் வைத்திருக்கிறது. சென்னையில் திருத்தினாலும் சான் ஹோசேயில் திருத்தினாலும் எண் ஒரே வரிசையில்தான் ஏறும். கடிகாரம் பிசகிய சர்வர், நெட்வொர்க் டிஸ்க்கைத் தரும் மெஷினுக்கும் உங்கள் மெஷினுக்கும் இடையே நேர வித்தியாசம்: வழக்கமான காரணங்கள் இவைதான். 'டைம்டேட்சிடிஎல்' அடித்து நேரம் ஒத்திசைந்திருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆனால் டைம் ஜோன் உண்மையிலேயே குற்றவாளியாகும் இடம் ஒன்று உண்டு: சிப் ஃபைல். சிப் வடிவம் பழைய டாஸ் முறைப்படி உள்ளூர் நேரத்தை எழுதுகிறது, எந்த ஊர் என்று எழுதுவதில்லை. லினக்ஸ் கருவிகள் கூடுதலாகப் பொது நேரத்தையும் சேர்த்து வைக்கும். விண்டோஸ் எக்ஸ்புளோரரில் ரைட் கிளிக் செய்து ஆக்கிய சிப்பில் அது இருக்காது.

கோடைக் காலம் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் ஒருவர் மாலை 7 மணிக்கு ஒரு சி ஃபைலைச் சேமித்து, ஃபோல்டரைச் சிப்பாக்கி அனுப்புகிறார். அப்போது நியூ ஜெர்சியில் காலை 9.30. நீங்கள் 10 மணிக்கு அதைப் பிரிக்கிறீர்கள். ஃபைலின் நேரம் உங்கள் ஊர்க் கணக்கில் இன்று மாலை 7 மணி என்று பதிவாகிறது, ஒன்பது மணி நேரம் எதிர்காலத்தில். புதிய குனு மேக் எச்சரிக்கும்போது அந்த 32,400 வினாடியை நேராகவே எழுதும்; 3.81 போன்ற பழைய மேக் அப்படி எழுதாது. 3.2 போட்டுப் பக்கத்தில் ஆங்கில ஈ-யும் கூட்டல் 04-உம் வரும்; பத்தாயிரத்தால் பெருக்கிப் படிக்க வேண்டும். மூவாயிரத்து அறுநூறால் வகுத்துப் பார்த்து, சென்னைக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளிக்கு அருகில் வந்தால் சிப்தான் காரணம். கோடையில் அந்த இடைவெளி நியூ ஜெர்சிக்கு ஒன்பதரை, டாலஸுக்குப் பத்தரை, பே ஏரியாவுக்குப் பன்னிரண்டரை மணி நேரம். குளிர்காலத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி கூடும்.

பிறகு நடப்பதுதான் வேடிக்கை. பத்து மணிக்கு உருவான ஆப்ஜெக்ட் ஃபைல், மாலை 7 மணி என்று சொல்லும் மூல ஃபைலைவிட எப்போதும் பழையது. மேக் ஓட்டும்போதெல்லாம் அத்தனையையும் மறுபடி கம்பைல் செய்துகொண்டே இருக்கும். கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் உள்ள புராஜெக்ட் என்றால் கன்ஃபிகரே திரும்பத் திரும்ப ஓடி, முடிவே இல்லாமல் சுற்றக்கூடும். மாலை 7 மணி தாண்டி ஒருமுறை ஓட்டிவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். காரணம் கண்டுபிடிக்க முடியாமல் பகலெல்லாம் உட்கார்ந்தவர், இரவில் சரியானதைப் பார்த்து மெஷினை மாற்றச் சொல்லிக் கேட்பார். தீர்வு ஒரே வரி: 'ஃபைண்ட்' கட்டளையோடு 'டச்' சேர்த்து எல்லா ஃபைலுக்கும் இப்போதைய நேரத்தைப் போட்டுவிடுங்கள். அதைவிட நல்லது, சிப் வேண்டாம், கிட்டில் போடுங்கள் என்று அனுப்புபவரிடம் சொல்வது. கிட் ஃபைல் நேரத்தைச் சுமந்து வராது; இறக்கிய நேரத்தையே போடும்.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் எச்சரிக்கையே வராது. 'டார்', 'சிபி -பி', 'ஆர்சிங்க் -ஏ' மூன்றும் பழைய நேரத்தை அப்படியே காப்பாற்றிக் கொண்டுவரும். போன மாதத்து ஃபைல் ஒன்றை பேக்கப்பிலிருந்து எடுத்து மேலே போடுகிறீர்கள். உள்ளடக்கம் மாறிவிட்டது, நேரமோ நேற்றைய ஆப்ஜெக்ட் ஃபைலைவிடப் பழையது. மேக் 'அப் டு டேட்' என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடும். ஜான்சன் வீணாக்கிய காலைப் பொழுது இப்போது உங்களுடையது. மாற்றிய ஃபைலுக்கு 'டச்' கொடுங்கள்.

மேக்கிடமே கேளுங்கள்

'மேக் -என்' எதையும் ஓட்டாமல் என்னென்ன ஓட்டப்போகிறது என்று மட்டும் காட்டும். 'மேக் --டீபக்=பி' எந்த டார்கெட்டை ஏன் மறுபடி உருவாக்குகிறது, எந்த ஃபைல் எதைவிடப் புதியது என்று காரணத்தோடு சொல்லும். இந்த இரண்டும் போதும். -டி கொடி ஆயிரக்கணக்கான வரி கொட்டும். வேறு வழியில்லாதபோது மட்டும் எடுங்கள்.

ஹெடரை மாற்றியும் எதுவும் கம்பைல் ஆகவில்லை என்றால், சார்பைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். கையால் எழுத வேண்டாம். ஜிசிசிக்கும் கிளாங்குக்கும் -எம்எம்டி, -எம்பி என்ற இரண்டு கொடிகளைப் பெரிய எழுத்தில் கொடுத்து, அவை உண்டாக்கும் புள்ளி-டி ஃபைல்களை மேக்ஃபைலில் 'இன்க்ளூட்' செய்யுங்கள். இதில் -எம்பி-யை விட்டுவிட்டால், நாளைக்கு ஒரு ஹெடரை நீக்கும்போது அந்தப் பெயரில் 'நோ ரூல் டு மேக் டார்கெட்' வரும். பழைய புள்ளி-டி ஃபைல் அதை இன்னும் கேட்டுக்கொண்டிருப்பதால்.

'மேக் டெஸ்ட்' அடித்தால் ஒன்றும் ஓடாமல் 'அப் டு டேட்' என்கிறதா? 'டெஸ்ட்' என்ற பெயரில் ஃபைலோ டைரக்டரியோ இருக்கிறது. அந்த டார்கெட்டை, பெரிய எழுத்தில் புள்ளி வைத்து எழுதும் 'ஃபோனி' என்று அறிவியுங்கள்.

-ஜே8 போட்டால் உடைகிறது, ஒற்றையாக ஓட்டினால் சரியாக வருகிறது என்றால், -ஜே-யை எடுத்துவிட்டு நிம்மதியாகப் போகாதீர்கள். சொல்லாமல் விட்ட சார்பு ஒன்று இருக்கிறது. இதுவரை வரிசை தற்செயலாகச் சரியாக அமைந்திருந்தது, அவ்வளவுதான். குனு மேக் 4.4-இல் வந்த '--ஷஃபிள்' வரிசையை வேண்டுமென்றே கலைத்துப் போட்டு ஓட்டும். மறைந்திருக்கும் இத்தகைய ஓட்டைகளைக் கண்டுபிடிக்க அதுபோல வேறில்லை.

லைப்ரரிக் கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெடர் கிடைக்கவில்லை என்றால் லைப்ரரி இருந்தாலும் அதன் டெவலப்பர் பேக்கேஜ் இல்லை. உபுண்டுவில் பெயர் 'டெவ்' என்றும், ரெட் ஹேட்டில் 'டெவெல்' என்றும் முடியும். கன்ஃபிகர் தோற்றால் கன்ஃபிக் புள்ளி லாக் ஃபைலைத் திறங்கள். அதன் அடியில் மாறிகளின் நீண்ட பட்டியல்தான் இருக்கும்; அதைத் தாண்டி மேலே போனால் எந்தச் சோதனை நிரல் எந்த எர்ரரால் தோற்றது என்று அப்படியே இருக்கும். 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' வந்தால், லிங்க் கட்டளையில் லைப்ரரிகளை ஆப்ஜெக்ட் ஃபைல்களுக்குப் பின்னால் வையுங்கள். லிங்கர் இடமிருந்து வலமாகத்தான் போகும், திரும்பிப் பார்க்காது.

இத்தனைக்கும் பிறகு இன்னொருவரிடம் கேட்க வேண்டி வந்தால், நீங்கள் அடித்த கட்டளை, முதல் எர்ரரும் அதற்கு மேலே இருபது வரியும், 'மேக் --வெர்ஷன்', 'யூநேம் -ஏ' இரண்டின் பதில், எந்த டைரக்டரியில் இருந்து ஓட்டினீர்கள் என்பது, இவ்வளவையும் ஒரே செய்தியில் அனுப்புங்கள். பிளேனோவில் நீங்கள் பகலில் கேட்கும் கேள்விக்குச் சென்னையில் மறுநாள்தான் பதில் எழுதுவார்கள். ஒரு தகவல் விட்டுப்போனால் ஒரு நாள் போகும். முக்கியமாக, டெர்மினலை போனில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். எர்ரரை எழுத்தாகவே ஒட்டி அனுப்புங்கள். அந்தப் பக்கம் இருப்பவர் அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.